அவரைப் பந்தலும் அடமானப் பத்திரமும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எங்கள் மாடியில் காய்த்த அவரையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வீட்டுக்கடன் முடிந்த வருஷம்தான் அந்தப் பந்தலைப் போட்டோம் என்று போகிற போக்கில் ஒரு வரியும் சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த முறை கடன், மாடித்தோட்டம், ஊருக்குப் போய்விடும் ஆசை ஆகிய மூன்றையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மடிப்பாக்கம் வாசகி: எனக்கு 41 வயது. கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். 2020 டிசம்பரில் 32 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினோம். 20 வருஷக் கடன், அப்போது வட்டி 7 சதவீதம், தவணை 24,810 ரூபாய். ஐந்து வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இப்போது பார்த்தால் 30 லட்சத்து 25 ஆயிரம் பாக்கி, இன்னும் 22 வருஷம் கட்ட வேண்டும் என்று காட்டுகிறது. கையில் 6 லட்சம் சேர்த்திருக்கிறோம். உத்திரமேரூர் பக்கம் 50 சென்ட் நிலம் 14 லட்சத்துக்கு வருகிறது, இந்தப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன் வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கும் ஊர்ப்பக்கம் போய்விட ஆசைதான். மாடியில் 40 பைகளில் செடி வைத்திருக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் அம்மா?

முதலில் அந்த 22 வருஷத்தைப் பேசிவிடுவோம். வங்கி ஏதோ தப்புக் கணக்குப் போட்டுவிட்டதோ என்ற கலக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கணக்கு சரிதான். நீங்கள் கடன் வாங்கியபோது ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அதன்மேல் 3 சேர்த்து உங்களுக்கு 7. 2022 மே மாதம் ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. உங்கள் வட்டி 9.5. தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள். அப்போது உங்கள் பாக்கி சுமார் 30 லட்சத்து 65 ஆயிரம் இருந்திருக்கும். அதற்கு மாத வட்டி மட்டுமே 24,260 ரூபாய்க்கு மேல். நீங்கள் கட்டியதோ 24,810. அசலில் கழிந்தது மாதம் ஐந்நூற்றுச் சொச்சம். இரண்டு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. 60 தவணையில் கிட்டத்தட்ட 15 லட்சம் கட்டியும் அசல் ஒன்றேமுக்கால் லட்சம்தான் குறைந்திருப்பது இதனால்தான். 2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி 5.25-க்கு வந்தது, உங்களுக்கு 8.25 ஆனது. இறங்கினாலும், நீண்டுபோன காலம் தானாகப் பழைய இடத்துக்கு வராது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. வங்கியிலிருந்து வரும் மெயிலையும் குறுஞ்செய்தியையும் தயவுசெய்து படித்துவிட்டு அழியுங்கள்.

சரி, 6 லட்சத்துக்கு வருகிறேன். ஒன்றரை லட்சத்தைத் தொடாதீர்கள். அது உங்கள் ஆறு மாதத் தவணை. இருவரில் ஒருவருக்கு வேலை போனாலும் வீடு தப்பிக்க அது வேண்டும். மீதி நாலரை லட்சத்தைக் கடனில் கட்டுங்கள். பாக்கி 25 லட்சத்து 75 ஆயிரம் ஆகும். அதே தவணை, அதே 8.25 வட்டி என்றால் 22 வருஷம் 15 வருஷமாகக் குறைகிறது. ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷத் தவணையில் நீங்கள் கட்டும் நாலரை லட்சத்தைக் கழித்துப் பார்த்தால் 16 லட்சம் மிஞ்சுகிறது. உத்திரமேரூர் நிலத்துக்குக் கேட்கிற விலையை விட அதிகம். இதோடு மாதம் 2,000 ரூபாய் தவணையைக் கூட்டிக்கொண்டால் 13 வருஷத்தில் முடியும். அப்போது உங்களுக்கு 54 வயது. மண்வெட்டி பிடிக்கிற வயதுதான். நான் லால்குடி பக்கத்தில் தோட்டம் போட்டதே அதே வயதில்தான்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய தொகை கட்டினால் தவணையைக் குறைக்கவும் முடியும், காலத்தைக் குறைக்கவும் முடியும். ‘தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்கவும்’ என்று கைப்படக் கடிதம் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் புதிய கணக்குத்தாளை வாங்கிச் சரிபாருங்கள். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. அந்த வசதி நாங்கள் கடன் வாங்கிய காலத்தில் இல்லை.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். 2003-ல் அம்பத்தூரில் வீடு கட்ட 7 லட்சம் வாங்கினோம், 15 வருஷத்துக்கு. வட்டி 8, தவணை 6,690. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை வேலை. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். 2008-ல் வட்டி 11-ஐத் தாண்டியது. 2018-ல் முடிய வேண்டிய கடன் 2023 வரை போகும் என்று கடிதம் வந்தது. அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்கு ஒரு வருஷம் முன்னால், உங்கள் கணவர் இப்போது சொல்வதையே நாங்கள் செய்து முடித்திருந்தோம். சொந்த ஊரில் நிலம் மலிவாக வருகிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். என் வளையலை வைத்து 80 ஆயிரம் முன்பணம் கொடுத்தோம். பத்திரம் போடும் சமயத்தில்தான் புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லை காட்டும் சர்வே வரைபடத்தை, வாங்கிப் பார்த்தோம், நிலத்துக்குப் பாதையே இல்லை. நான்கு பக்கமும் அடுத்தவர் வயல். பணம் திரும்ப வர ஒன்றரை வருஷம் ஆனது. வந்ததும் 50 ஆயிரம்தான். அந்த ஒன்றரை வருஷம் வீட்டுக்கடன் தவணை, நகைக்கடன் வட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். பையனின் டியூஷனை நிறுத்தினோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

அதற்குப் பிறகு ஒரே தீர்மானம்: ஒரு கடன் முடியாமல் இன்னொரு கடன் இல்லை. தீபாவளி போனஸ் முழுவதும் கடனுக்கு. முன்கூட்டிக் கட்டியதற்கு வங்கி 2 சதவீதம் பிடித்துக்கொண்டது. பிடித்தாலும் பரவாயில்லை என்று கட்டினோம். 2012-ல் ரிசர்வ் வங்கி அந்த அபராதத்தை நிறுத்தச் சொன்ன பிறகு இன்னும் வேகமாகக் கட்டினோம். 2014-ல் முடித்தோம்.

நீங்கள் 14 லட்சத்துக்கு நிலம் வாங்கினால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 1 லட்சத்து 26 ஆயிரம் தனி. ஆக இன்னும் ஒன்பதேகால் லட்சத்துக்கு மேல் கடன் வேண்டும். அது வீட்டுக்கடன் வட்டிக்குக் கிடைக்காது. வேலி, ஆழ்துளைக் கிணறு, மோட்டார் எல்லாம் அதற்கு மேல். விவசாய இலவச மின்சாரத்துக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிற நிலத்தில் இரண்டே மழைக்காலத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கும். நிலத்தின் விலை ஏறிவிடும் என்பார் உங்கள் கணவர். ஏறலாம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது விற்று லாபம் பார்க்கும் நிலம் இல்லை, போய் வாழ்கிற நிலம். அதை வாங்குகிற நாள், போக முடிகிற நாளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அதுவரை அந்த 40 பைகளை விடாதீர்கள். போன சித்திரையில் ஒரு நாள்கூடத் தவறாமல் தண்ணீர் ஊற்றினீர்களா, நாலு நாள் வெளியூர் போனபோது செடியை யாரிடம் விட்டீர்கள், கத்தரியில் தண்டுத்துளைப்பான் வந்தபோது எத்தனை நாள் பொறுத்தீர்கள், எப்போது பிடுங்கி எறிந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் கணவரையும் ஆறு பைகளுக்குப் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். அரை ஏக்கர் கேட்பதும் இதே வேலையைத்தான், நூறு மடங்கு.

கோவை வாசகர்: என் ஆடிட்டர் வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்காதே, வரிச்சலுகை போய்விடும் என்கிறார். சரியா?

நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையில் இருந்தால் வருஷத்துக்கு 2 லட்சம் வட்டி வரை கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுகிறவருக்குக்கூட அதனால் மிஞ்சுவது 60 ஆயிரத்துச் சொச்சம். அதற்காக 2 லட்சத்தை வட்டியாகக் கொடுத்திருக்கிறீர்கள். மீதியை யார் தருவார் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

திருநின்றவூர் வாசகி: மாடித்தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிஞ்சும், அதைக் கடனுக்குக் கட்டலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்தீர்களா அக்கா?

செய்தோம். ஆனால் முதல் இரண்டு வருஷம் மிஞ்சவில்லை. என்னிடம் பழைய நோட்டு இருக்கிறது, அதைப் பார்த்தே சொல்கிறேன்.

2009-ல் தொடங்கினோம். முதல் வருஷம் பை, தென்னை நார்க் கழிவுக் கட்டி, மண்புழு உரம், பூவாளி, நிழல்வலை என்று 6,300 ரூபாய் செலவு. பறித்த காய்க்கு அன்றைய சந்தை விலை போட்டால் 1,900. நார்க் கழிவை அலசாமல் அப்படியே போட்டதால் உப்பில் நாற்றெல்லாம் கருகியதும் அந்த வருஷம்தான். மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மண்ணோடு கலக்க வேண்டும் என்று அப்புறம் தெரிந்தது. இரண்டாம் வருஷம் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். மூன்றாம் வருஷத்திலிருந்துதான் மாதம் 300, 400 என்று மிஞ்சியது.

எதனால் மிஞ்சியது என்று சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும். முதலாவது, பை வாங்குவதை நிறுத்தினோம். பெயின்ட் டப்பா, கிழிந்த அரிசிப் பை, தெர்மாகோல் பெட்டி எல்லாவற்றிலும் அடியில் துளை போட்டு வைத்தோம். சமையலறைக் கழிவை இரண்டு பழைய தண்ணீர் டிரம்மில் மாற்றி மாற்றி மக்கவைத்தோம். அதனால் உரம் வாங்கும் செலவு போயிற்று. அப்புறம், எதை வளர்ப்பது என்ற விஷயம். முதல் வருஷம் ஆசைக்கு முட்டைக்கோஸ், காலிஃபிளவர், குடமிளகாய் என்று வைத்தேன். அம்பத்தூர் வெயிலில் அவை எனக்குச் சரிப்படவில்லை. கீரை, வெண்டை, கொத்தவரை, கத்தரி, பச்சைமிளகாய், ஒரு டிரம்மில் முருங்கை, ஒன்றில் கறிவேப்பிலை. இவைதான் காசை மிச்சம் பிடித்தவை. அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த இருபத்தைந்தாம் நாள் கைக்கு வந்துவிடும். 2011-க்குப் பிறகு நான் கீரைக்கட்டு காசு கொடுத்து வாங்கியதில்லை. வெங்காயம், உருளை எப்போதும் கடையில்தான்.

மிஞ்சியதைத் தனியாகச் சேர்த்து வைத்து, வருஷக் கடைசியில் எடுத்துக் கடனில் கட்டினோம். வருஷத்துக்கு நாலாயிரம் என்றால் சின்னத் தொகைதான். ஆனால் அசலில் நேராகக் கழிகிற நாலாயிரம் அது. போனஸோடு சேர்த்து அந்தப் பணத்தையும் கட்டும் நாளில், நம் வீட்டுக் கொத்தவரைக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. மாடியின் தாங்குதிறனைப் பாருங்கள். ஓரடி அகல ஓரடி உயரப் பையில் ஈரமண் இருந்தால் பத்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. டிரம் இன்னும் பல மடங்கு. கனமானவற்றைச் சுவருக்கும் உத்திரத்துக்கும் மேலாக வையுங்கள், நடு மாடியில் குவிக்காதீர்கள். எல்லாவற்றையும் செங்கல்மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது, மாடியில் பதித்த தட்டோடு பெயராது. ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஆகும் செலவு பத்து வருஷக் கீரையைத் தின்றுவிடும்.

பெங்களூரு வாசகர்: வயது 34, மென்பொருள் வேலை. தேனிப் பக்கம் தாத்தா ஊர். அடுக்குமாடி வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மீதியில் ஒரு ஏக்கர் வாங்கி விவசாயம் செய்ய ஆசை. வேலையை விட்டுவிடலாமா?

தம்பி, ஆசையை நான் தடுக்க மாட்டேன். அதே ஆசை எனக்கும் முப்பது வருஷமாக இருந்தது. ஆனால் வீட்டை விற்பதற்கு முன்னால் ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் அங்கே இருந்துவிட்டு வாருங்கள். விருந்தாளியாக இல்லை, வாடகைக்கு வீடு எடுத்து.

கடன் முடிந்ததும் நாங்கள் நிலம் வாங்க ஓடவில்லை. 2019-ல் என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். லால்குடி பக்கத்தில் என் பிறந்த ஊரில் ஓட்டு வீடு ஒன்றை, கொல்லையோடு மாதம் 2,500 ரூபாய்க்கு எடுத்தோம். மாதத்தில் பாதி அங்கே, பாதி அம்பத்தூரில். இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் கண்டுகொண்டவை எந்தத் தரகரும் சொல்லாதவை. அய்யன் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஊர் ஒரு மாதிரி, வாய்க்கால் காய்ந்த மாசி பங்குனியில் வேறு மாதிரி. எந்தத் தெருக் கிணறு உப்பு, எது நல்ல தண்ணீர் என்பது வெயில் காலத்தில்தான் தெரியும். கடலை போட்டால் விதையிலேயே மயில் பொறுக்கிவிடும். தக்காளி சிவக்கும் முன் கொத்திவிடும். அதை அடிக்கவும் கூடாது, 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டம் காக்கும் பறவை அது. வலை கட்ட வேண்டும், செலவு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பஸ் இல்லை. ஒருநாள் அவருக்கு மார்பு வலி வந்து, அது வாயுத்தொல்லை என்று தெரிவதற்குள் திருச்சிக்குப் போக வண்டி தேடிய அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் எந்தத் தெருவில் கார் வைத்திருப்பவர் யார், யாரை நடுராத்திரி எழுப்பலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டோம்.

அங்கே பிறந்தவள் நான். என்னையே முதல் வருஷம் ‘மெட்ராஸ்காரம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். உங்கள் தாத்தா பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். ஆனால் வாய்க்கால் முறைத் தண்ணீரில் உங்கள் முறை வர, நீங்கள் சில காலம் அங்கே இருந்து, நாலு கல்யாணம் நாலு சாவுக்குப் போய் நின்றிருக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு 2021-ல் 20 சென்ட் வாங்கினோம். வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும் பக்கம். அப்போது பதிவுச் செலவு 11 சதவீதம். 2023-ல் அதை 9 ஆக்கி, பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பைக் கூட்டினார்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு என்ற நிலப் பதிவுகள், அந்த நிலத்தின்மேல் பதிவான விற்பனையும் அடமானமும் தெரியும் 30 வருஷ வில்லங்கம் எல்லாம் பார்த்தோம். பாதையில்லாத நிலத்தில் பட்ட பழைய அடி நினைவில் இருந்ததால் புலப்படத்தை எடுத்துக்கொண்டு போய், சர்வேயரோடு பாதையை நடந்தே அளந்தோம். நீங்களும் செய்யுங்கள். பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கோயில் நிலமா என்றும் விசாரியுங்கள். அவை எத்தனை மலிவாக வந்தாலும் தொடக்கூடாதவை. விளைநிலத்தைப் பத்துப் பத்து சென்ட்டாக வெட்டிப் பண்ணை மனை என்று விற்கிறார்கள். மாமரம் நட்டுத் தருகிறோம், சொட்டுநீர் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அங்கே வீடு கட்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

வேலையை விடுவதைப் பற்றி: ஒரு ஏக்கரில் காய்கறி போட்டு, கூலி ஆளும் வைத்து, குடும்பச் செலவை முதல் வருஷமே எடுத்தவரை என் ஊரில் நான் பார்த்ததில்லை. மாடும் ஆடும் சேர்த்து, வீட்டில் எல்லோரும் இறங்கி உழைத்து, நாலைந்து வருஷத்தில் தலைநிமிர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி உங்களுக்கு இருந்தால், ஊரில் இணைய இணைப்பு எப்படி என்று பார்த்துவிட்டு, வேலையோடேயே போங்கள். கடனை அடைத்த பிறகு கையில் மூன்று வருஷச் செலவுக்குப் பணம் இருந்தால் அப்போது வேலையை விடுவதைப் பேசலாம்.

தஞ்சாவூர் வாசகர்: வருகிற மாதத்தோடு எங்கள் வீட்டுக்கடன் முடிகிறது. கடைசித் தவணை கட்டிவிட்டால் போதும்தானே?

போதாது. பத்திரம் கைக்கு வந்து, வில்லங்கத்தில் அடமானம் நீங்கினால்தான் முடிந்ததாக அர்த்தம்.

கடைசித் தவணைக்கு முன்பே வங்கியில் கணக்கு முடிப்புத் தொகை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சில நாள் வட்டி பாக்கி நின்று, கணக்கு மூடாமல் கிடப்பது உண்டு. கட்டிய பிறகு கடன் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். கடன் எடுக்கும்போது கொடுத்த ஆவணங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றாக அதை வைத்துச் சரிபாருங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். கொடுத்து வைத்த தேதியில்லாக் காசோலைகளையும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு 2014-ல் தாய்ப்பத்திரம் கிடைக்கவில்லை என்றார்கள். வேறு ஊரில் இருக்கும் காப்பகத்துக்குப் போய்விட்டது, வரும் என்றார்கள். நாலு மாதம். ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை காலை போய் உட்காருவேன். ஒரு சனிக்கிழமை மேலாளர் மேசையிலேயே அழுதுவிட்டேன். 11 வருஷம் தவறாமல் கட்டியவளை இப்படி அலையவிட்டது இன்றும் எனக்கு ஆறவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு. இதைச் சொல்லியே கேளுங்கள்.

அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். கடன் வாங்கியபோது உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பதிவு அங்கே ஏறியிருக்கும். வங்கி அலுவலர் வந்து, கடன் அடைந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து அதை நீக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து இணையத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, நீங்கியது ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டு, பத்து வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை எடுத்தபோது பழைய அடமானம் அப்படியே நின்றதைப் பார்த்துத் தவித்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலிலும் கணக்கு மூடியதாக வந்திருக்கிறதா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள்.

வாழ்த்துகள். அந்தப் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துவரும் நாளில் வீட்டில் எல்லோரையும் கூட அழைத்துப் போங்கள். நாங்கள் போனோம். திரும்பும் வழியில் சவுக்குக் குச்சி எட்டும் ஒரு கட்டுச் சணலும் வாங்கிவந்து, அன்று சாயங்காலமே பந்தல் போட்டோம்.

சேலம் வாசகி: மற்றவர்கள் கடனைப் பற்றிக் கேட்பார்கள், நான் அவரையைப் பற்றியே கேட்கிறேன். ஆடியில் போட்ட கொடி நன்றாகப் படர்ந்தது. இப்போது பூக்காம்பெல்லாம் கறுப்பாகப் பூச்சி அப்பிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள் அம்மா! அது அசுவினி. நாட்டு அவரை பகல் சுருங்கும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தையில்தான் நிறைய காய்க்கும். நாலைந்து மாதம் காத்திருந்த கொடி அது. மூட்டமும் குளிருமான நாட்களில் அசுவினி வரத்தான் செய்யும்.

முதலில் எறும்பைப் பாருங்கள். அசுவினி விடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பந்தல் காலில் எறும்பு ஏறும் வழியில் வேப்பெண்ணெய் தோய்த்த துணியைக் கட்டுங்கள். அதிகமாக அப்பியிருக்கும் நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியே எறியுங்கள். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த அடுப்புச் சாம்பலைக் காம்புகளின்மேல் தூவுங்கள். என் அம்மா இதை மட்டும்தான் செய்வார். மூன்று நாளில் குறையவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு தரம், மூன்று வாரம்.

தெளிப்பதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். முதலையை அரிசி அளவுக்குச் சுருக்கியது மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு சின்னப் புழுக்கள் அந்தக் கூட்டத்துக்குள் ஊர்ந்தால், அது பொறிவண்டின் குஞ்சு. பார்க்கப் பயமாக இருக்கிறது என்று பலரும் நசுக்கிவிடுகிறார்கள். அசுவினியைத் தின்னத்தான் அது வந்திருக்கிறது. அந்தக் கிளையில் மட்டும் எதுவும் தெளிக்காமல் விடுங்கள்.